வெள்ளிக்கிழமை எலிகள்

1

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் எலி அறைக் கதவில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பழையது கிழிந்துவிட்டது. சென்ட் போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது, வாசனை சோப்பு கூடாது, சிகரெட் பிடித்த கையோடு கூண்டைத் தொடக்கூடாது என்று வரிசையாகப் போய், கடைசியில் 'சாம்பிராணிப் புகையும் கூடாது' என்று முடிகிறது. ஹாலந்து நாட்டில் வேறு எந்த எலி அறையிலும் இப்படி ஒரு வரி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. புதிதாக வந்த மாணவி ஒருத்தி அதைப் படித்துவிட்டு, எந்தப் பாதிரியார் இங்கே எலி பார்க்க வருகிறார் என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அந்த வரிக்குக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்த என் மனைவி செண்பகம்.

செண்பகம் இப்போது இங்கே இல்லை. மூன்று வருடமாக அவளும் மகள் மீனாவும் வில்லிபுத்தூரில் இருக்கிறார்கள். நான் மட்டும் இங்கே. லீவில் ராஜபாளையம் வரும்போதெல்லாம் இதற்குக் காரணம் கேட்காத ஆள் கிடையாது. குளிர் ஒத்துக்கவில்லையா என்று சிலர். பெண் பிள்ளையை வெள்ளைக்கார ஊரில் வளர்க்கப் பயமா என்று சிலர். என் சொந்தச் சித்தப்பாவே ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "என்னலே, அங்க வெள்ளக்காரி எவளும் உண்டா?" என்று கேட்டுவிட்டார். ஆளுக்கு ஒரு பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஊர்க்காரர்கள் நடத்தும் இந்தப் பத்திரிகைக்கு ஏதாவது எழுது என்று கேட்டபோது, எல்லாருக்கும் ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். செண்பகத்திடம் போனில் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள், ஆனால் பொய் சேர்க்காதீர்கள் என்றாள். எலியில் ஆரம்பித்தால்தான் விஷயம் புரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் படித்தது மாட்டு டாக்டர் படிப்பு. அதற்கு மேல் மருந்தியல். எண்பதுகளின் நடுவில் இந்தச் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தேன். ராஜபாளையத்துக்காரன் என்றால் நாயோடு ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று ஊர் தெரிந்த ஒன்றிரண்டு பேர் எதிர்பார்த்தார்கள். எனக்கு வாய்த்தது எலி.

பயந்தால், அடைபட்டால், பழகாத இடத்தில் கொண்டுபோய் விட்டால், உடம்பு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியின் வேலை அது. ரத்தத்தில் கலந்து அது ஒவ்வொரு இடமாகப் போய், "ஆபத்து, தயாராகு" என்று சொல்லும். சொன்னதைக் கேட்டுக்கொள்ள மூளையிலும் மற்ற இடங்களிலும் ஏற்பிகள் இருக்கின்றன. எங்கள் மருந்து அந்த ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். தானும் ஒன்றும் சொல்லாது, ஹார்மோனையும் கிட்டே விடாது. கருக்கலைப்பு மாத்திரை என்று பெயர் வாங்கி அந்த வருடங்களில் நாடு நாடாகச் சண்டையைக் கிளப்பிய மருந்துக்குக் கூடப்பிறந்த சாதி அது. நாங்கள் பார்த்தது அதன் இன்னொரு முகத்தை.

இதை ஊரில் சொல்லும்போது நான் என் அப்பாவைத்தான் உதாரணம் காட்டுவேன். அப்பா ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். மெஷின் சத்தம் தாங்காமல் இரண்டு காதிலும் பஞ்சை உருட்டி அடைத்துக்கொள்வார். சத்தம் குறையாது, காதுக்குள் போகாது, அவ்வளவுதான். சில நாள் பஞ்சை எடுக்க மறந்து அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள். பதில் வராது. இன்னும் சத்தமாகக் கூப்பிடுவாள். கடைசியில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள். அப்பா சாவகாசமாக நிமிர்ந்து, "என்னத்துக்கு இப்பிடிக் கத்துத?" என்பார்.

எலிக்குள்ளும் இதே கதைதான். ஏற்பியை மருந்து அடைத்துக்கொண்டால், செய்தி போய்ச் சேரவில்லை என்று மூளை நினைத்து, இன்னும் சுரக்கச் சொல்லும். எலி பார்ப்பதற்கு நிதானமாக இருக்கும். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் ஹார்மோன் முன்பைவிட ஏறியிருக்கும். ஆகவே எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தும் கொடுக்காத, பயமும் காட்டாத எலிகள் ஒரு கூட்டம் தேவைப்பட்டது. அவற்றின் வேலை சும்மா இருப்பது. காலை வேளையில் எலிக்கு இந்த ஹார்மோன் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் போய், வால் நுனியில் சின்னதாகக் கீறி, எலி மிரளுவதற்குள் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட வேண்டும். அது என் பொறுப்பு. எனக்குத் தொழில் சுத்தம் என்று பெயர் இருந்தது.

3

செண்பகம் கல்யாணத்துக்கு முன்னால் வில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு ஊர் காத்துக் கிடந்த காலம். குரலை வைத்தே யார் என்று சொல்லிவிடுவாள். "லைன் கிடைக்கல, வையுங்க, நானே கூப்பிடுதேன்" என்று அவள் சொன்னால் மில் முதலாளியும் வைத்துவிட்டுக் காத்திருப்பார். பெண் பார்க்கப் போவதற்கு முன்பே அவள் குரலை நான் கேட்டிருக்கிறேன். மெட்ராஸ் விடுதியிலிருந்து ராஜபாளையத்துக்குப் பேசும்போதெல்லாம், லைன் வில்லிபுத்தூர் வழியாகப் போனதால் இடையில் வந்த குரல் அது.

அப்படிப்பட்டவளுக்கு இந்த ஊரில் போன் மணி அடித்தால் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. மொழி தெரியாதது ஒரு காரணம். இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். இங்கே போனை எடுத்தவுடன் ஹலோ என்று சொல்ல மாட்டார்கள். குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருந்த என் அப்பா பெயரை இந்த அரசாங்கம் எங்கள் எல்லாருக்கும் குடும்பப் பெயராக்கிவிட்டது. செண்பகம் இங்கே 'திருமதி சங்கரலிங்கம்'. மாமனார் பெயரை எந்த மருமகள் வாயால் சொல்லுவாள்? போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். எதிர்முனையில் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் போலீஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்று அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அங்கேயும் முதல் கேள்வி பெயர்தான். அதிகாரி கேட்பார், இவள் என்னைப் பார்ப்பாள். நான் சொன்னால், அவரே சொல்லட்டும் என்பார். இங்கே இல்லாத மனிதருக்கு என்ன மரியாதை, சும்மா சொல்லேன் என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன். சொல்லத்தான் பார்க்கிறேன், வாய் வர மாட்டேன் என்கிறது என்றாள். மீனா இங்கேயே பிறந்தவள். அவள் நாலு வயதில் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு முன்னால் நின்று, தாத்தா பெயரை டச்சு வாயால் கடித்துத் துப்புவாள். பிறகு போன், கதவு, கடை எல்லாவற்றுக்கும் மீனாதான் முன்னால் போவாள். அம்மாவோடு தமிழில் ஆரம்பித்து, பாதியில் டச்சுக்குப் போய்விடுவாள். அது செண்பகத்துக்குப் புரியாது. ஆனாலும் புரிந்த மாதிரித் தலையாட்டுவாள்.

ஊரிலிருந்து செண்பகம் விடாமல் கொண்டுவந்த பழக்கம் ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, சாம்பிராணி போடுவாள். கணப்பு அடுப்புக்கு விற்கும் கரியைக் கனிய வைத்து, அவள் அம்மா ஊரிலிருந்து பார்சலில் அனுப்பிய கட்டிச் சாம்பிராணியை நுணுக்கித் தூவி, தலைமுடியைக் காட்டி, பிறகு வீடு முழுக்க எடுத்துக்கொண்டு போவாள். கீழ்வீட்டுக்காரர் முதல் தடவை தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார். பிறகு பழகிவிட்டார். அந்த ஒரு காலை மட்டும் அவள் முகம் தெளிவாக இருக்கும். நானும் அந்தப் புகையில் சட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவேன்.

4

சும்மா இருக்க வேண்டிய எலிகள் சும்மா இருக்கவில்லை. சில தடவை அவற்றின் ரத்தத்தில் ஹார்மோன் தாறுமாறாக ஏறியிருந்தது. மருந்து கொடுத்த எலி எது, கொடுக்காத எலி எது என்று பிரிக்கவே முடியவில்லை. எங்கள் பேராசிரியை ஹன்னா ஓய்வுபெறுகிற வயதில் இருந்தவர், நிதானமானவர். என்மேல் சந்தேகப்படவில்லை. ரத்தம் வைக்கும் ஐஸ் பெட்டியை மாற்றிப் பார்த்தோம். பக்கத்துக் கட்டடத்தில் துளை போடுகிற சத்தம் காரணமோ என்று பார்த்தோம். என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய வருடம் அது. வேலை போனால் அனுமதியும் போகும்.

ஒருநாள் காலை லிப்டில் ஹன்னாவும் நானும் மட்டும் ஏறினோம். அவர் மூக்கைச் சுருக்கினார். ஞாயிற்றுக்கிழமை இல்லையே, இவ்வளவு காலையில் எந்தச் சர்ச்சுக்குப் போய் வருகிறாய் என்று கேட்டார். அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர், சாம்பிராணி வாசம் தெரியும். நான் வீட்டு விவரத்தைச் சொன்னேன். எல்லா வெள்ளிக்கிழமையுமா என்றார். ஆமாம் என்றேன். லிப்டு கதவு திறந்தது, இரண்டு பேரும் இறங்கவில்லை. கெட்டுப்போன ரத்தமெல்லாம் வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தம்.

அடுத்த வாரம் சோதித்துப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை வீட்டில் சாம்பிராணி போடச் சொல்லி, அந்தச் சட்டையோடு போய் ரத்தம் எடுத்தேன். அன்றைக்கும் ஏறியிருந்தது. புதுவாசம் பட்டால் எலிக்கு எதிரி வந்த மாதிரி. நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை. தீர்வு ரொம்ப எளிது. ரத்தம் எடுக்கும் நாளை மாற்றினோம், கதவில் ஒரு வரி சேர்த்தார்கள், என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஹன்னா அதைக் காபி வேளையில் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

நானும் வீட்டுக்கு வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். மீனா உருண்டு சிரித்தாள். செண்பகம் சிரிக்கவில்லை. சாதத்தைப் பரிமாறிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எலிக்குக்கூட நம்ம வாசம் ஆகலயாக்கும்."

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டில் புகை இல்லை. இப்போது நாள் மாற்றியாகிவிட்டது, நீ பாட்டுக்குப் போடு என்றேன். இருக்கட்டும் என்றாள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் இருக்கட்டும் என்றாள். சாம்பிராணிக் கட்டியைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

5

அதன்பிறகு படபடப்பு போன் மணிக்கு மட்டும் என்றில்லாமல் ஆயிற்று. காலையில் நானும் மீனாவும் கிளம்பினால், திரும்பி வரும்வரை சன்னல் பக்கம் போகாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். கை சில்லிட்டுக் கிடக்கும். நாடியைப் பிடித்துப் பார்ப்பேன், ஓடிவந்த ஆளுக்கு அடிக்கிற மாதிரி அடிக்கும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு வேலை இருந்த ஒரு நாளில் மீனாவோடு போனாள். எட்டு வயதுப் பிள்ளை நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறாள். "அம்மா, ஒனக்கு எதப் பாத்தா பயம்னு கேக்காங்க." செண்பகம் ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள். மகளிடம் எப்படிச் சொல்வாள்? தினமும் நடங்கள், வேண்டுமானால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இந்த ஊர் டாக்டர்களுக்குக் கை உடைந்தாலும் பாராசிட்டமால்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். செண்பகம் நிமிராமலே கேட்டாள்.

"நீங்க எலிக்குப் போடுற மருந்த எனக்குப் போடலாமா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மனுசருக்கு இந்த நோக்கத்தில் இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை, கொடுக்கக் கூடாது என்றேன். பெண்களுக்கு வேறு தொந்தரவும் செய்யும் என்றேன். பிறகு, கேட்டதற்கு முறையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று, அப்பா காதில் பஞ்சு வைத்த கதையைச் சொல்லி, மருந்து என்ன செய்யும் என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப பயம் உள்ளயே இருக்கும். நமக்குக் கேக்காது. அம்புட்டுதான?"

"அம்புட்டுதான்."

"அது வேண்டாம். எனக்குப் பயம் இல்லாம இருக்கணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

எங்கள் எலிகளில் தனியாக ஒரு கூண்டில் போட்டவை உண்டு, ஜோடியாகப் போட்டவை உண்டு. தனியாகக் கிடந்த எலிகளிடம்தான் மருந்தின் வேலை எடுப்பாகத் தெரிந்தது. பழகிய துணையோடு இருந்தவற்றில் அது பெரிதாக ஒன்றும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவற்றுக்குள் அடக்குவதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை. இதைப் பெரிய முடிவாக நான் எங்கேயும் எழுதவில்லை. கூண்டு கழுவும்போது ஒருவன் பார்த்தது, அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் அந்த வருட லீவை முழுதாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவோம் என்று சொன்னேன்.

6

வில்லிபுத்தூர் வந்த இரண்டாவது நாள் செண்பகம் யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு என் அப்பாவைப் பார்க்கப் போய்விட்டாள். கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போட்டதை வந்து விவரமாகச் சொன்னாள். ஹாலந்தில் ரொட்டிக்கடைக்குக்கூடத் தனியாகப் போகாதவள். வெள்ளிக்கிழமை அவள் அம்மா சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது, செண்பகம் முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் வெளியே போகிற மாதிரிப் போய்விட்டேன். கண் கலங்கியதற்குப் புகைதான் காரணம் என்று சொன்னால் அங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

அவளோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ரோஸ்மேரி அப்போதும் அங்கேதான் இருந்தார். டிரங்க் கால் எல்லாம் போய், தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. ரோஸ்மேரியின் தம்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பூத் வைத்திருந்தார். அவருக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் செண்பகத்தை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் சாப்பாடு கொண்டு போனேன். மம்சாபுரத்திலிருந்து ஒரு பெரியவர், துபாயில் இருக்கிற மகனோடு பேச வந்து, லைன் கிடைக்காமல் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் வெளியே முணுமுணுத்தது.

"செத்த இருங்கய்யா, நான் புடிச்சுத் தாரேன்," என்று செண்பகம் ரிசீவரை வாங்கி, திரும்பத் திரும்ப நம்பரைச் சுழற்றி, யார் யாரிடமோ இங்கிலீஷில் பேசி, கடைசியில், "லைன்ல இருங்க, மம்சாபுரத்துல இருந்து ஒங்க அப்பா பேசுதாக," என்றாள். பழைய குரல். பத்து வருடத்தில் நான் கேட்காத குரல். சாப்பாட்டுத் தூக்கை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

டிக்கெட்டை உறுதிப்படுத்த மதுரைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. அன்று காலையில் செண்பகத்தின் கை சில்லிட்டுப்போனது. நாடியைப் பிடித்தேன், பழையபடி ஓடியது. அவள் கையை உருவிக்கொண்டாள்.

"நான் வரல. கோவிச்சுக்கிடாதீய. ஒங்க மேல ஒண்ணுமில்ல."

வீட்டில் பெரிய கூட்டம் கூடியது. புருசனைத் தனியாக விட்டுவிட்டு ஒரு பெண் இருப்பதா என்றார்கள். குறிப்பிட்ட மாதங்களுக்குள் திரும்பாவிட்டால் அனுமதி ரத்தாகிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நானும் சொன்னேன். பொய் இல்லை, ஆனால் பயமுறுத்தத்தான் சொன்னேன். நான் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றும் சொன்னேன். இந்தப் படிப்புக்கு ஊரில் என்ன வேலை என்று அவளே கேட்டாள். ஆய்வு முடியட்டும், அதற்குப் பிறகு யோசிப்போம் என்றாள்.

மீனாதான் கடைசிவரை மல்லுக்கு நின்றாள். அவளுக்கு ஹாலந்தில் பள்ளிக்கூடம், சைக்கிள், சிநேகிதிகள். நீ அப்பாவோடு போகிறாயா என்று கேட்டோம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நான் போயிட்டா அம்மாவுக்கு யாரு பேசுவா?" என்றாள். செண்பகம் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இங்க நானே பேசிக்கிடுவேன், ஏட்டி. ஒனக்கும் சேத்து நான் பேசுதேன்."

மீனா இருந்துகொண்டாள், ஒரு வாரம் யாரோடும் பேசாமல். இன்றைக்கு நிலைமை என்னவென்றால், போனில் நான் டச்சில் ஏதாவது கேட்டால் அவள் வில்லிபுத்தூர்த் தமிழில் பதில் சொல்லுகிறாள். இன்னும் கொஞ்ச நாளில் நான் கேட்பது அவளுக்குப் புரியாமல் போகலாம். அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

7

நான் கிளம்பிய அன்று செண்பகமும் மீனாவும் வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். மதுரை பஸ் கிளம்ப நேரம் இருந்தது. மீனா அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றாள். வா என்று கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடுவது என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டுதான் வந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"என்ன இது, எல்லாரும் பாக்காக," என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

விரலை வைத்துப் பார்த்தேன். நிதானமாக அடித்தது. கை சூடாக இருந்தது. புருசன் கண்காணாத ஊருக்குப் போகிறான், எப்போது திரும்புவான் என்று தெரியாது, ஊர் நாலு பேசப் போகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர்கூட நின்றது. ஆனாலும் நாடி நிதானமாக அடித்தது. மருந்து எதுவும் போடாத நாடி அது. இத்தனை வருடத்தில் ஹாலந்தில் ஒரு நாள்கூட நான் அதை அவளிடம் பார்த்ததில்லை.

அவள் என் கையைத் திருப்பித் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்களுக்குத்தான் அடிச்சுக்கிடுது," என்றாள்.

கண்டக்டர் விசிலடித்தார். வா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த நிமிடத்திலும் அவள் வந்திருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.